ஒரே கிருமி, இரண்டு கூண்டுகள்

வாசகர் கேள்வி – பதில்

ஒரே நாளில் ஒரே அளவு கிருமியைக் கொடுத்தும், ஒரு கூண்டு எலிகள் செத்துப்போய்ப் பக்கத்துக் கூண்டு எலிகள் பிழைத்துக்கொண்டதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. 26 வருடம் விலங்குக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். இதையெல்லாம் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க எலிகள்தான்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நாங்கள் ஐந்து பேர். என் கணவருக்கும் சின்ன மகனுக்கும் மட்டும் டைஃபாய்டு வந்தது, மற்ற மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. உங்கள் எலிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா அம்மா?
– பட்டுக்கோட்டை வாசகி

உண்டு. ஆனால் உங்கள் வீட்டு விஷயத்தில் மரபணுவை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. யார் எதை எவ்வளவு சாப்பிட்டார்கள், வயிற்றில் அமிலம் எப்படி இருந்தது, முன்பே அந்தக் கிருமி உடம்புக்குப் பழக்கமா என்று பல விஷயங்கள் இருக்கின்றன. மனிதர்களிடம் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது மிகக் கஷ்டம். எலிகளிடம் பிரித்துப் பார்க்கலாம்.

டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபி மனிதனை மட்டும்தான் பிடிக்கும். அதன் உறவுக்காரக் கிருமியான சால்மோனெல்லா டைஃபிமியூரியம் நமக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு நின்றுவிடும். ஆனால் சுண்டெலிக்குப் போனால் நம் டைஃபாய்டு மாதிரியே ஈரல், மண்ணீரல் என்று பரவும். அதனால்தான் ஆய்வகத்தில் இந்தக் கிருமி.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இடது பக்கக் கூண்டில் சி57பிளாக்6 என்ற கறுப்பு எலிகள். வலது பக்கம் சிபிஏ என்ற பழுப்பு எலிகள். இரண்டுக்கும் ஒரே உமிப் படுக்கை, ஒரே தீனி, ஒரே குழாயிலிருந்து எடுத்த கிருமி. முதல் மூன்று நாள் எந்த வித்தியாசமும் தெரியாது. நான்காம் நாள் காலையில் அறைக் கதவைத் திறந்தேன். வழக்கமாக மூடியை நகர்த்தும் சத்தத்துக்கே மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும் கறுப்பு எலிகள், மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. முதுகு வில்லாக வளைந்து, ரோமம் சிலிர்த்து, கண் பாதி மூடியிருந்தது. ஒரு கை அகலம் தள்ளி, பழுப்பு எலிகள் உமியைத் தோண்டி விளையாடிக்கொண்டிருந்தன. எட்டாம் நாள் கறுப்புக் கூண்டு காலி. ரத்தத்தில் நேராகச் செலுத்தினால், இந்தக் கறுப்பு எலிகளைக் கொல்ல பத்துக்கும் குறைவான கிருமிகள் போதும்.

ஏன் என்ற கேள்விக்கு மூன்று ஆய்வுக் குழுக்கள் மூன்று பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தன. ஒரு குழு இதே சால்மோனெல்லாவைப் பார்த்தது. லண்டனில் டேவிட் பிராட்லி, காலா அசார் என்ற கொடிய காய்ச்சலைத் தரும் லீஷ்மேனியா கிருமியைப் பார்த்தார். கனடாவின் மான்ட்ரியலில் எமில் ஸ்கமீனும் ஃபிலிப் குரோவும் காசநோய்த் தடுப்பூசிக் கிருமியான பி.சி.ஜி.யை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குழுவும் தான் கண்ட மரபணுவுக்கு ஒரு பெயர் வைத்தது. கடைசியில் பார்த்தால் மூன்றும் முதலாம் குரோமோசோமில் ஒரே இடத்தைத்தான் காட்டின. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று கிருமிகள், காவல் காப்பது ஒரே மரபணு! 1993-ல் மான்ட்ரியல் குழு அந்த மரபணுவையே கையில் எடுத்தது. என்ராம்ப்1 என்று பெயர்.

அது செய்யும் வேலை என்ன தெரியுமா? நம் உடம்பில் கிருமியை விழுங்கும் செல்களுக்கு மேக்ரோபேஜ் என்று பெயர். விழுங்கிய கிருமி அந்தச் செல்லுக்குள் ஒரு சின்னப் பைக்குள் அடைபட்டிருக்கும். அந்தப் பையின் சுவரில் இருந்துகொண்டு, உள்ளே இருக்கும் இரும்பையும் மாங்கனீஸையும் வெளியே இறைத்துவிடுகிறது என்ராம்ப்1 புரதம். இந்த இரண்டும் இல்லாமல் கிருமி பெருக முடியாது. சுருக்கமாகச் சொன்னால், பிடித்து அடைத்து வைத்துப் பட்டினி போடுகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. கறுப்பு எலியில் இந்தப் புரதத்தின் 169-ஆம் இடத்தில் கிளைசின் என்ற மணி இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் என்ற மணி இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் இறைப்பு நின்றுபோகிறது.

ஒரு கூண்டில் இருக்கும் எலிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?
– சேலம் வாசகர்

அண்ணன் தங்கையை இணை சேர்த்து, அவற்றின் குட்டிகளில் மறுபடி அண்ணன் தங்கை என்று தொடர்ந்து குறைந்தது 20 தலைமுறை போனால், அந்த வம்சத்தின் எலிகள் எல்லாம் ஏறக்குறைய இரட்டைப் பிறவிகள் மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் லிட்டில் 1909-ல் இதை ஆரம்பித்தார். மாசசூசெட்ஸில் கிரான்பி என்ற ஊரில் பண்ணை வைத்து எலி வளர்த்து விற்ற அபி லாத்ராப் என்ற பெண்மணியின் எலிகள்தான் பல வம்சங்களுக்கு மூலம். சி57 என்ற பெயரில் இருக்கும் 57, அவருடைய ஒரு பெண் எலியின் எண். இன்று உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பு எலி அந்த 57-ன் வழி வந்தது. லிட்டில் 1929-ல் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் தொடங்கிய ஜாக்சன் ஆய்வகம், 1947-ல் வந்த காட்டுத்தீயில் எரிந்து எலிகள் பெரும்பாலும் மாண்டுபோயின. முன்பு அங்கிருந்து எலி வாங்கியிருந்த ஆய்வகங்கள் அதே வம்சத்து ஜோடிகளைத் திருப்பி அனுப்பி மீட்டுக் கொடுத்தன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சம்பவம் இது.

கொரோனா வந்ததிலிருந்து எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று ஒரு பொடி வாங்கிச் சாப்பிடுகிறோம். மாதம் 900 ரூபாய் ஆகிறது. எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லதுதானே மேடம்?
– கோயம்புத்தூர் வாசகர்

இல்லை. கூட்டவும் குறைக்கவும் அது ஒரே தராசில் நிற்கும் சரக்கு இல்லை. இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பெட்டி எலிகளும் அதோடு வந்த ஒரு சீட்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். எண்டோடாக்சின் பற்றிய சோதனை. அந்தப் பெயரை வைத்தவர் ரிச்சர்டு ஃபைஃபர், 1892-ல் பெர்லினில். காலரா கிருமியைச் சூடாக்கிக் கொன்ற பிறகும், அந்தச் செத்த கிருமியே சோதனை விலங்கைக் கொல்வதை அவர் பார்த்தார். விஷம் கிருமியின் உடம்பிலேயே இருக்கிறது என்று புரிந்துகொண்டார். சால்மோனெல்லா, ஈ.கோலை, காலரா போன்ற கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் ஒரு பொருள் அது. எல்.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வோம். வெள்ளைப் பொடியாகக் குப்பியில் வரும். அதைக் கரைத்து எலிக்கு ஊசி போட்டால், ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் எகிறும். எலி சுருண்டுகொள்ளும். அளவு கூடினால் இறந்துவிடும்.

நான் ஊசி போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன். டி.என்.எஃப். இல்லை. எலிகளும் சாதாரணமாகத் தீனி தின்றுகொண்டிருந்தன. பொடி கெட்டுப்போயிருக்கும் என்று புதுக் குப்பி உடைத்தோம். அப்போதும் இல்லை. அளவை ஐந்து மடங்கு ஆக்கினோம். அப்போதும் இல்லை. "உன் கை சரியில்லை" என்று மேலே இருந்தவர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். ராத்திரி படுத்தால் ஊசி பிடித்த கைதான் கண்ணில் வரும். பத்து வாரம் இப்படிப் போனது.

ஒரு சாயங்காலம் கூண்டுச் சீட்டுகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன். எலி வந்த பெட்டியோடு இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் கேட்ட எலி வம்சம் சி3எச்/எச்.இ.என். வந்திருந்தது சி3எச்/எச்.இ.ஜே. கடைசியில் ஒரே ஒரு எழுத்து. அனுப்பியவர்கள் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள், வாங்கி வைத்த நாங்களும் "சி3எச்" என்பதோடு படிப்பதை நிறுத்திவிட்டோம். அந்தச் சீட்டு இன்னும் என் பழைய நோட்டுக்குள் இருக்கிறது.

அந்த "ஜே" ஜாக்சன் ஆய்வகத்தைக் குறிக்கும். 1960-களில் அங்கே வளர்ந்த சி3எச் எலிகளில் தற்செயலாக ஒரு மரபணுப் பிழை ஏற்பட்டு வம்சம் முழுக்கப் பரவிவிட்டது. இந்த எலிகள் எண்டோடாக்சினுக்கு மசிவதில்லை என்பதை 1968-ல் சுல்ட்சர் என்பவர் நேச்சர் இதழில் எழுதினார். மற்ற எலியைக் கொல்லும் அளவு கொடுத்தாலும் இது பாட்டுக்குத் திரியும்.

ஆஹா, எப்பேர்ப்பட்ட பலசாலி எலி என்று தோன்றுகிறது அல்லவா? இதே எலிக்கு உயிருள்ள சால்மோனெல்லாவைக் கொஞ்சம் கொடுங்கள். தாக்குப்பிடிக்காது. முதல் பதிலில் சொன்னேனே, கிருமியைப் பட்டினி போடும் என்ராம்ப்1, அது இந்த எலியில் நல்ல நிலையில்தான் இருக்கிறது. இருந்தும் செத்துப்போகும். திருடன் வந்தும் குரைக்காத நாய் இருக்கும் வீடு மாதிரி. சத்தம் இல்லை, சண்டை இல்லை, விடிந்து பார்த்தால் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த நாய் எது என்று தேடியவர் அமெரிக்காவின் டல்லாஸில் இருந்த புரூஸ் பாய்ட்லர். நான்காம் குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் முன்பே தெரியும். 1993-ல் தொடங்கி ஐந்து வருடம், அலெக்சாண்டர் பொல்டோராக்கும் மற்றவர்களும் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாகப் படித்தார்கள். 1998-ல் கிடைத்தது. டி.எல்.ஆர்.4 என்ற புரதத்தின் 712-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின். எண்டோடாக்சின் வந்திருப்பதை உணர்ந்து செல்லுக்குச் சொல்லும் புரதம் அதுதான். சி57பிளாக்10 வம்சத்தின் ஒரு கிளையில் அந்த மரபணுவே காணாமல் போயிருந்தது. அந்த எலிகளும் இதே மாதிரிதான், எண்டோடாக்சினுக்குப் பதிலே தராது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு ஃபிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, இதே குடும்பத்தைச் சேர்ந்த 'டோல்' மரபணு கெட்டுப்போன பழ ஈக்கள் பூஞ்சை பிடித்துச் செத்துப்போவதைக் காட்டியிருந்தது. ஈயும் எலியும் மனிதனும் ஒரே பழைய சாதனத்தை வைத்துக்கொண்டு கிருமியை அடையாளம் காண்கிறோம். பாய்ட்லர், ஹாஃப்மன் இருவருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசில் பங்கு பெற்ற ரால்ஃப் ஸ்டைன்மன், அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்துபோயிருந்தார்.

இப்போது பொடிக்கு வருகிறேன். ஏ/ஜே என்று ஒரு வெள்ளை எலி வம்சம் இருக்கிறது. அதற்கு என்ராம்ப்1 நன்றாக இருக்கிறது, பி.சி.ஜி. கிருமியை நன்றாக அடக்கும். ஆனால் உணவு வழியே தொற்றும் லிஸ்டீரியா என்ற கிருமியிடம் தோற்கும். 1976-ல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் கூடியவர்களைத் தாக்கி முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட லீஜியனெல்லாவிடமும் தோற்கும். அந்தக் கிருமியின் வால் புரதத்தை உணரும் நைப்5 என்ற மரபணு ஏ/ஜே-யில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2003-ல் தெரிந்தது. நம் கறுப்பு எலியில் அது நன்றாக இருக்கிறது. கிருமி நுழைந்த செல் தானே வெடித்துச் செத்து, கிருமியைத் தெருவில் நிறுத்திவிடும். சால்மோனெல்லாவிடம் எட்டு நாளில் விழுந்த அதே கறுப்பு எலி! பாரிஸில் பியோசி என்பவர் ஆன்டிபாடி அதிகம் சுரக்கும் எலிகளையும் குறைவாகச் சுரக்கும் எலிகளையும் தனித்தனி வம்சமாகப் பிரித்து வளர்த்தார். சால்மோனெல்லாவைத் தாங்கியவை குறைவாகச் சுரந்தவை. அவற்றின் மேக்ரோபேஜ்கள் கில்லாடிகளாக இருந்தன.

ஆகவே டப்பாவில் "எதிர்ப்பு சக்தி" என்று எழுதியிருந்தால், எந்தக் கிருமிக்கு, எந்தச் செல்லில் என்று கேளுங்கள். அந்த 900 ரூபாய்க்கு முட்டை, பருப்பு, கீரை வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள். அது மட்டும்தான் எந்தக் கிருமிக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடிய எதிர்ப்பு சக்தி.

அழற்சி என்றாலே கெட்டது என்றுதான் எங்கும் படிக்கிறேன். அழற்சி குறைவாக வரும் எலிகள் நல்ல ஆரோக்கியமாக இருக்க வேண்டும் அல்லவா?
– நாகர்கோவில் கல்லூரி மாணவி

பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரில் புடான்டான் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. பாம்புக்கடி மருந்துக்குப் பெயர் போன இடம். அங்கே உங்கள் கேள்வியையே எலிகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். எட்டு வம்சத்து எலிகளை ஒன்றோடொன்று கலந்து, எல்லா மரபணுவும் கலந்த ஒரு கூட்டத்தை முதலில் உருவாக்கினார்கள். ஒவ்வொரு எலியின் முதுகுத் தோலுக்கு அடியிலும் பாலிஅக்ரிலமைடு மணிகளைச் செலுத்தினார்கள். அதில் கிருமி இல்லை, விஷமும் இல்லை. முள் குத்தின மாதிரி ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். 24 மணி நேரம் கழித்து அந்த இடத்தில் எத்தனை வெள்ளை அணுக்கள் ஓடி வந்திருக்கின்றன, எவ்வளவு புரதம் கசிந்திருக்கிறது என்று அளந்தார்கள். அதிகம் வந்தவற்றை அதிகம் வந்தவற்றோடும் குறைவாக வந்தவற்றைக் குறைவாக வந்தவற்றோடும் இணை சேர்த்தார்கள். பல தலைமுறை போனதும் இரண்டு வம்சம். அழற்சி கூடின வம்சம் ஏர்மேக்ஸ், குறைந்த வம்சம் ஏர்மின்.

இரண்டுக்கும் சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது நன்றாகத் தாங்கியது ஏர்மேக்ஸ். அதாவது அழற்சி அதிகம் வரும் எலி. தோலில் ரசாயனம் தடவி வரவழைக்கும் கட்டிகளையும் அதுதான் தாங்கியது. இன்னொன்றையும் பார்த்தார்கள். நம் என்ராம்ப்1-ன் நல்ல வடிவம் ஏர்மேக்ஸில் கூடுதலாகவும் கெட்ட வடிவம் ஏர்மின்னில் கூடுதலாகவும் சேர்ந்திருந்தது. யாரும் கிருமியைக் காட்டித் தேர்ந்தெடுக்கவில்லை. வெறும் வீக்கத்தை அளந்து தேர்ந்தெடுத்ததிலேயே, கிருமியை அடக்கும் மரபணுவும் பின்னாலேயே வந்துவிட்டது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் ஏர்மேக்ஸுக்கும் ஒரு பாடு உண்டு. பிரிஸ்டேன் என்ற எண்ணெயைச் செலுத்தினால், சில மாதங்களில் அதற்கு மூட்டுகள் வீங்கிக்கொள்ளும். ஏர்மின் தப்பித்துக்கொள்ளும்.

என் அம்மாவுக்கு முடக்குவாதம், கைவிரல் எல்லாம் வீங்கி மடங்கிவிட்டது. டாக்டர் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். அம்மாவுக்கு இருமலே இல்லை. பரிசோதனைக்குப் பயந்து அம்மா ஊசியே வேண்டாம் என்கிறார். மூட்டு வலிக்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம்?
– திருச்சி வாசகி

தயவுசெய்து அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். எழுதியிருப்பது பெரும்பாலும் டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசியாக இருக்கும். காரணத்தைச் சொல்கிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

டி.என்.எஃப். இரண்டு வேலை செய்யும். 1985-ல் பாய்ட்லரும் ஆன்டனி செராமியும் நியூயார்க்கில், டி.என்.எஃப்.-ஐப் பிடித்து வைக்கும் ஆன்டிபாடியை எலிகளுக்கு முதலிலேயே கொடுத்துவிட்டு எண்டோடாக்சின் கொடுத்தார்கள். எலிகள் பிழைத்தன. அப்படியென்றால் கொல்வது டி.என்.எஃப். தானே, அதை ஒழித்துவிட்டால் நல்லதுதானே? 1993-ல் டொரான்டோவில் டி.என்.எஃப்.-ஐ வாங்கும் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். ஈரலைப் பலவீனமாக்கிவிட்டு எண்டோடாக்சின் கொடுத்தும் அவை தாங்கின. ஆனால் லிஸ்டீரியா கிருமி கொஞ்சம் போனதும் செத்துப்போயின. 1995-ல் அதே மாதிரி எலிகளுக்குக் காசநோய்க் கிருமி கொடுத்தபோதும் அடக்க முடியாமல் இறந்தன.

காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி வெள்ளை அணுக்கள் வேலி போட்டு அடைத்து வைத்திருக்கும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது. அந்த வேலி நிற்பதற்கு டி.என்.எஃப். வேண்டும். மூட்டில் வீக்கத்தைக் குறைக்க டி.என்.எஃப்.-ஐ அடக்கினால் நுரையீரலில் வேலி சரிந்துவிடலாம். 2001-ல் இந்த வகை ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் மருத்துவ இதழில் வெளியானது. அதன் பிறகுதான் முதலில் பரிசோதனை, பிறகு ஊசி என்ற நடைமுறை உறுதியானது. மறைந்திருக்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் அதற்கு மாத்திரை உண்டு. சில மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். ஊசியை எப்போது ஆரம்பிப்பது என்று டாக்டர் சொல்வார். அம்மாவின் விரல் மடங்கியது மடங்கியபடியே இருந்துவிடக் கூடாது.

எலிக்குச் சரிப்பட்டது மனிதனுக்கும் சரிப்படுமா? செய்தித்தாளில் மாதம் ஒரு எலி மருந்து வருகிறது, கடைக்கு ஒன்றும் வருவதில்லையே.
– மதுரை வாசகர்

நியாயமான கோபம். டி.எல்.ஆர்.4-ஐ அடைக்கும் எரிடோரான் என்ற மருந்தை, ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடிய சுமார் 2,000 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. எலி எண்டோடாக்சினை வெகுவாகத் தாங்கும். கொல்ல வேண்டுமானால் கிலோ எடைக்குப் பல மில்லிகிராம் தேவை. மனிதனுக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் போதும், குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சம் நானோகிராம். அது மட்டுமல்ல, எலிக்கு நாம் ஊசி போடும் நேரம் நமக்குத் தெரியும். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ஆனாலும் எலி காட்டிய திசை பொய்யில்லை. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் 250-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுத்த பி.சி.ஜி. மருந்தில் உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயின. மற்ற குழந்தைகள் பிழைத்தன, பல குழந்தைகள் நோய் வந்தும் தாமாகவே தேறின. புட்டிக்குப் புட்டி கிருமி அளவு மாறியிருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும், யாருக்கும் வரக்கூடாத அந்தக் கொடுமையைப் படிக்கும்போது என் இரண்டு கூண்டுகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1998-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், மனித என்ராம்ப்1-ன் சில வடிவங்கள் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. 1996-ல் இன்னொன்று. இன்டர்ஃபெரான் காமா என்ற தகவல் புரதத்தை வாங்கும் மரபணு கெட்டுப்போய்ப் பிறந்த குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசியில் இருக்கும் சாதுவான பி.சி.ஜி. கிருமியே உடம்பு முழுக்கப் பரவிவிடும். சால்மோனெல்லாவும் திரும்பத் திரும்ப வரும். எலியில் என்ராம்ப்1 காவல் காத்த அதே இரண்டு கிருமிகள். உங்கள் உறவில் எந்தக் குழந்தைக்காவது பி.சி.ஜி. போட்ட பிறகு பல இடத்தில் கட்டி வந்து ஆறாமல் இருந்தால், இந்த விவரத்தைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் என் மரபணுவைப் பரிசோதித்து எந்த நோய் வரும் என்று தெரிந்துகொள்ளலாமா?
– திண்டுக்கல் வாசகர்

குடும்பத்தில் மேலே சொன்ன மாதிரி அபூர்வமான நோய் இருந்தால், மருத்துவர் சொன்னால் செய்யுங்கள். மற்றபடி வேண்டாம். மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது 20 தலைமுறை அண்ணன் தங்கையைச் சேர்த்த எலியில். நீங்கள் அப்படிப் பிறந்தவர் இல்லை.

ஆன்ட்டி, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எலிகளைக் கொல்வது பாவம் இல்லையா?
– விருதுநகர் மாணவி

இந்தக் கேள்வியை நான் சேர்ந்த முதல் வாரமே கேட்டுக்கொண்டேன் கண்ணு. கடைசி வாரமும் கேட்டேன். எனக்கு வலிக்காமல் போன நாள் ஒன்றுகூட இல்லை.

மேலே கறுப்பு எலிகள் எட்டாம் நாள் செத்துப்போயின என்று எழுதியிருக்கிறேனே, அது பழைய காலம். எத்தனை சாகின்றன என்று எண்ணித்தான் அப்போது முடிவு சொல்வோம். பிறகு முறை மாறியது. எலியைத் தினமும் எடை போடுவோம். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது, மயக்கம் கொடுத்து வலி இல்லாமல் முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் அதற்கும் முன்பே, எலி நன்றாக இருக்கும்போதே நிறுத்திவிடுவோம். மண்ணீரலை எடுத்துக் கரைத்துத் தட்டில் பரப்பி, ராத்திரி முழுக்க 37 டிகிரி சூட்டில் வைப்போம். காலையில் கறுப்பு எலியின் தட்டைத் திறந்தால் கடுகு கொட்டின மாதிரி கிருமிப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், எண்ணவே முடியாது. பழுப்பு எலியின் தட்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம். எது தாங்கும், எது தாங்காது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சாகும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சோதனை தொடங்கும் முன் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். எலி இல்லாமல் இதைச் செய்ய முடியாதா, இத்தனை எலிகள் எதற்கு என்று அதில் கேட்டிருப்பார்கள். ஒரு முறை 60 என்று எழுதினேன். குழுவில் இருந்த ஒருவர் 36 போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நான் ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்த்தேன். 36 போதுமாகத்தான் இருந்தது.